கோல் யார் கையில்?

கலப்பு என்ற சொல்லுக்கு நம்மவரிடையே நற்பெயர் இல்லை. பாலிற் கலப்பு, அரிசியிற் கலப்பு, சாதியிற் கலப்பு என்று குற்றங் கூறுவதற்கே அச்சொல்லை எடுத்தாளுகிறோம். கலைகளைப் பற்றிப் பேசப் புகும்போதும் இம்மனப்பான்மை நம்மை விட்டகல்வதில்லை. தூய கலை, பிறர் கைபடாத கலை, ஆயிரமாயிரம் ஆண்டுப் பழமையுடைய கலை என்று சொன்னால்தான் அதற்கு மதிப்பு உண்டாகும் என எண்ணுகிறோம். இலங்கையிலும் தமிழகத்திலும் பழைய போர்க்கலைகளுக்குப் புத்துயிர் அளிக்கும் முயற்சிகள் பெருகிவரும் இந்நாளில் இவ்வெண்ணத்தைச் சற்று உரைத்துப் பார்ப்பது நலம். அதற்கு உரைகல்லாக அமையக்கூடிய ஒன்று இலண்டன் மாநகரிலே இருக்கிறது. கலப்பினாலேயே பிறந்து, கலப்பைப் பெயரிலேயே சூடிக்கொண்டு, நான்காண்டு வாழ்ந்து மடிந்து, ஒரு நூற்றாண்டு கழிந்தபின் மீண்டும் எழுப்பப்பட்ட அக்கலையின் பெயர் பார்ட்டிட்சு.

அதன் கதை இலண்டனில் அன்று, தென்னிந்தியாவிலே தொடங்குகிறது. எட்வேர்ட் வில்லியம் பார்ட்டன்-றைட் 1860இல் பெங்களூரிற் பிறந்தவர். தந்தையார் சென்னைப் புகையிரதக் கம்பனியின் எஞ்சின் பகுதிக்குத் தலைமை அதிகாரி. இரத்மலானைப் புகையிரதத் தொழிற்சாலையை அன்றாடம் கடந்து செல்லும் என்போன்றவர்க்கு இச்செய்தி வெறுந் தற்செயலாகத் தோன்றுவதில்லை. ஏகாதிபத்தியம் தன் பண்டங்களை ஏற்றிச் செல்ல இருப்புப்பாதை போட்டது; அப்பாதையால் பண்டங்கள் மட்டும் போகவில்லை; மனிதரும், அவர்தம் பழக்கங்களும், கைவித்தைகளும் போயின. பொறியியலாளனின் மகனும் பொறியியலாளனாகி, நாடு நாடாகச் சுற்றி, 1890களின் நடுப்பகுதியில் யப்பானியத் துறைமுகமான கோபேயை அடைந்தான். அங்கே ஓர் ஆங்கிலேயக் கம்பனியில் வேலை. ஓய்வு நேரத்தில் ஜுஜுட்சுப் பயிற்சி.

யப்பானிலே ஜுஜுட்சுவின் அன்றைய நிலையையும் இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1868இல் ஆட்சி மாறியது. 1876இல் வாள் தரிக்கும் உரிமை சாமுராய் வகுப்பாரிடமிருந்து பறிக்கப்பட்டது. பிரபுத்துவப் போர்வீரரின் கலை, அவ்வகுப்புச் சரிந்ததும், சோற்றுக்கு வழியின்றித் தெருவில் நின்றது. ஜிகோரோ கானோ 1882இல் கொடோகன் என்னும் பயிற்சிக்கூடத்தை நிறுவி, பழைய முறைகளைச் சீர்திருத்தி ஜூடோ ஆக்கியது அந்நெருக்கடிக்கு அவர் கண்ட விடை. பார்ட்டன்-றைட் கண்டது இப்படிக் கைமாறிக்கொண்டிருந்த ஒரு செல்வத்தையே.

1898இல் இலண்டன் திரும்பிய அவர் தம் பெயரின் முற்பாதியையும் ஜுஜுட்சுவின் பிற்பாதியையும் ஒட்டிப் புதுப்பெயர் படைத்தார். 1899 மார்ச், ஏப்ரல் மாதங்களில் 'பியர்சன்ஸ் மகசீன்' என்ற சஞ்சிகையில் புகைப்படங்களுடன் கட்டுரைகள் எழுதினார். ஷாவ்ட்ஸ்பரி அவெனியூவில் பயிற்சிக்கூடம் திறந்தார். அங்கே கைத்தடிப் போர் கற்பித்தவர் சுவிற்சலாந்தைச் சேர்ந்த பியேர் விஞி. மற்போர் கற்பித்தவர் அந்நாட்டவரான ஆர்மான் ஷெர்பியோ. ஜுஜுட்சு கற்பித்தவர்கள் யுகியோ டானி, சடகாசு உயெனிஷி என்னும் இரு யப்பானிய இளைஞர்கள். மறைந்துபோன ஐரோப்பிய வாள்முறைகளைப் பழைய நூல்களிலிருந்து மீட்ட கப்டன் அல்பிரெட் ஹட்டனும் அங்கு கற்பித்தார். ஆங்கிலக் குத்துச்சண்டையும் பிரெஞ்சு உதைச்சண்டையும் இவற்றோடு சேர்ந்தன. கலக்கும் முறையிலும் ஒரு தர்க்கம் இருந்தது. எதிரி தூரத்தில் நிற்கும்போது தடி, நெருங்கினால் கையும் காலும், பற்றிக்கொண்டால் ஜுஜுட்சு. மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலுள்ள தூரமே அங்கு பாடத்திட்டத்தை வகுத்தது. நாடோ இனமோ அன்று.

ஆனால் இக்கலை யாருக்காக? இக்கேள்வியைக் கேளாமல் இதன் வரலாற்றை எழுதுவோர் பாதி வரலாற்றையே எழுதுகின்றனர். 1898ஆம் ஆண்டுக் கோடையில் 'ஹூலிகன்' என்ற சொல் இலண்டன் பத்திரிகைகளை நிறைத்தது. ஏழைக் குடியிருப்புகளின் வேலையற்ற இளைஞர்களைக் குறிக்க எழுந்த சொல் அது. கனவான்கள் அஞ்சினர். தொப்பியும் கையுறையும் அணிந்து, அலங்காரமாகத் தடி ஏந்தி, நாடகம் பார்த்துத் திரும்புகின்ற ஒருவன் அத்தடியாலேயே தன் பணப்பையை எவ்வாறு காத்துக்கொள்வது? பார்ட்டன்-றைட் விற்றது இக்கேள்விக்கான விடையை. அவர் பிறந்த நாட்டின் நிலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியனை அனுமதிப்பத்திரமின்றி வாளும் துப்பாக்கியும் வைத்திருக்கக் கூடாதென்றது, ஐரோப்பியனுக்கு விலக்களித்தது. ஆளப்படுவோனின் கையிலிருந்து ஆயுதம் பிடுங்கப்பட்ட அதே தலைமுறையில், ஆள்வோனின் ஊன்றுகோல் ஆயுதமாக்கப்பட்டது.

1902இற் கூடம் மூடப்பட்டது. கட்டணம் மிகுதி, கருத்து வேறுபாடுகளும் இருந்தன. டானி இசை அரங்குகளின் மேடையேறி, தன்னோடு குறித்த நேரம் தாக்குப்பிடிப்பவனுக்குப் பணம் என்று சவால்விட்டுப் பிழைத்தார். உயெனிஷி தனிப் பள்ளி நடத்தினார். பார்ட்டன்-றைட் வெப்பத்தாலும் ஒளியாலும் நோய் தீர்க்கும் தொழிலுக்குப் போய்க் கடனாளியானார். 1951இல், தொண்ணூறு வயதில் மாண்டவருக்குக் கல்லறைக் கல்கூட வாய்க்கவில்லை. கலையின் பெயர் ஒரு கதையில் மட்டும், அதுவும் எழுத்துப் பிழையோடு, உயிர்வாழ்ந்தது. 1903இல் வெளிவந்த ஷேர்லக் ஹோம்ஸ் கதையொன்றில், 1891இல் அருவி முனையிலே தன்னைக் காத்தது 'பரிட்சு' என்கிறார் ஹோம்ஸ். உண்மையில் அவ்வாண்டில் அக்கலை பிறக்கவேயில்லை! துப்பறியும் மேதைக்கும் கால வழு உண்டு போலும்.

கனவான்களின் கூடம் மூடிய பின்னரே இக்கதையின் சிறந்த பகுதி தொடங்குகிறது. எடித் காரட் என்னும் பெண்மணியும் அவருடைய கணவரும் உயெனிஷியிடம் பயின்று, 1908இல் அவர் நாடு திரும்பியபோது பள்ளியைப் பொறுப்பேற்றனர். எடித்தின் உயரம் 150 சென்ரிமீற்றர். வாக்குரிமை கோரிப் போராடிய பெண்களுக்கு அவர் கற்பிக்கலானார். 1910 நவம்பர் 18ஆம் திகதி நாடாளுமன்றத்தை நோக்கிச் சென்ற பெண்களைப் பொலிசார் மணிக்கணக்காக அடித்தும் இழிவுபடுத்தியும் துரத்தினர். அவ்வணியிலே பஞ்சாபின் கடைசி மன்னரான துலீப் சிங்கின் மகள் சோபியாவும் இருந்தார். 1913இல் 'பூனை-எலிச் சட்டம்' என மக்கள் பெயரிட்ட சட்டம் வந்தது. சிறையில் உண்ணாநோன்பிருந்து சாகும் நிலைக்கு வந்தவர்களை வெளியே விட்டு, உடல் தேறியதும் மீண்டும் பிடித்தடைக்கும் சட்டம். தலைவி எமலின் பாங்க்ஹர்ஸ்டைப் பொலிசாரிடமிருந்து காக்க ஏறக்குறைய முப்பது பெண்களைக் கொண்ட மெய்காப்பணி உருவாயிற்று. அவர்களைப் பயிற்றியவர் எடித் காரட்.

1914 மார்ச்சில் கிளாஸ்கோ நகரின் சென்ற் அன்று மண்டபத்தில் நடந்ததை ஒரு கணம் மனக்கண்முன் கொண்டுவருவோம். மேடையோரம் பூச்சரங்கள், அவற்றுள்ளே முட்கம்பி. பாங்க்ஹர்ஸ்ட் பேசத் தொடங்கிய சிறிது நேரத்தில் பொலிசார் மேடையை நோக்கிப் பாய்கின்றனர். மெய்காப்பணிப் பெண்கள் ஆடைக்குள்ளிருந்து எடுத்த ஆயுதம் என்ன? ஆங்கிலேயர் 'இந்தியத் தண்டம்' என அழைத்த, நாம் கர்லாக்கட்டை என அறிந்த அதே கட்டை. இந்தியாவில் மல்லர்கள் சுழற்றக் கண்டு, பிரித்தானியப் படையினர் உடற்பயிற்சிக்கென எடுத்துச் சென்றது அது. அங்குள்ள பயிற்சிக்கூடங்களிலும் பள்ளிகளிலும் பரவி, ஈற்றில் பிரித்தானிய அரசின் பொலிசுக்காரன் தலையிலேயே இறங்கிற்று. தலைவியைப் பொலிசார் அன்று கைதுசெய்தே விட்டனர். ஆயினும் பலத்த அடிபட்ட பின்னரே அது அவர்களால் முடிந்தது.

இவ்வியக்கத்தையும் நாம் கண்ணை மூடிக்கொண்டு போற்ற வேண்டியதில்லை. கிழக்கு இலண்டனின் தொழிலாளப் பெண்களிடையே வேலை செய்து, அவர்களையும் தற்காப்புப் பயிலத் தூண்டிய சில்வியா பாங்க்ஹர்ஸ்டைத் தாயும் தமக்கையுமே 1914 ஜனவரியில் இயக்கத்திலிருந்து நீக்கினர். அவ்வாண்டு போர் மூண்டதும் தாய் ஏகாதிபத்தியத்தின் படைக்கு ஆள் சேர்க்கப் புறப்பட்டார். சில்வியா போரை எதிர்த்தார். ஒரே வீட்டுக்குள் வர்க்கப் பிளவு இவ்வளவு தெளிவாக வெளிப்பட்ட சந்தர்ப்பங்கள் அரிது.

கலையின் மறு கிளை வேறு திசையில் வளர்ந்தது. விஞியின் கைத்தடி முறையைத் தழுவி 1923இல் இலண்டனில் ஒரு நூல் வெளிவந்தது. அதை எழுதிய எச். ஜி. லாங் இந்தியப் பொலிசில் அதிகாரி. கனவானின் ஊன்றுகோல் இப்போது குடியேற்ற நாட்டுக் காவலனின் கோலாயிற்று. குண்டாந்தடிப் பிரயோகம் என்ற தொடரைப் பத்திரிகைகளில் வாசித்தே வளர்ந்த நமக்கு அந்நூலின் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஒரு மூலம், இரு கிளைகள். ஒன்று சட்டத்தின் அடியைத் தாங்கியோரிடம் போனது. மற்றொன்று சட்டத்தின் பெயரால் அடித்தோரிடம் போனது. கலையின் 'ஆன்மா'வைத் தேடுவோர் இதற்கு என்ன விடை சொல்வார்களோ அறியேன்.

இனி மறுமலர்ச்சிக்கு வருவோம். பிரித்தானிய ஜூடோ வரலாற்றாய்வாளர் றிச்சர்ட் போவென் பழைய கட்டுரைகளைத் தேடிக் கண்டெடுத்தார். 2002இல் ரோனி வூல்ஃப் முதலான ஆர்வலர்கள் கூடிப் பார்ட்டிட்சுச் சங்கத்தை அமைத்தனர். மூலங்களைத் திரட்டி 2005இலும் 2008இலும் இரு தொகுதிகள் வெளியிட்டனர். சீடப் பரம்பரை முற்றாக அற்றுப்போன கலை அது. எஞ்சியவை சஞ்சிகைப் பக்கங்களும் புகைப்படங்களும் மட்டுமே. எனவே அவர்கள் இரு பகுதிகளைப் பிரித்து வைத்தனர். பார்ட்டன்-றைட்டும் கூட்டாளிகளும் எழுத்திற் பதித்தவை மூலப் பாடம். இடைவெளிகளை நிரப்ப அக்காலத்துப் பிற நூல்களிலிருந்தும் தம் அனுபவத்திலிருந்தும் இன்றையோர் சேர்ப்பவை புதுப் பாடம். இரண்டும் ஒன்றென்று எவரும் சாதிக்கவில்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இம்முறை புதிதன்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோதும், உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி அலைந்தபோதும், செல்லரித்த இடத்தைத் தம் கவித்துவத்தால் நிரப்பிப் பழம்புலவன் பெயரால் வெளியிடவில்லை. ஏடு சிதைந்தது என்றால் சிதைந்தது என்றே குறித்தார்கள். இடைச்செருகல் எதுவெனக் காட்டுவதே பதிப்பாசிரியனின் நாணயம். ஏட்டுச்சுவடிக்கு நாம் ஒப்புக்கொண்ட இந்நாணயத்தைக் கோலுக்கும் கம்புக்கும் ஏன் மறுக்கிறோம்?

மறுக்கத்தான் செய்கிறோம். 2011இல் வந்த 'ஏழாம் அறிவு' படத்தைப் பார்த்து, சீனருக்குப் போர்க்கலை கற்பித்தவன் காஞ்சித் தமிழன் போதிதருமன் என்று இளைஞர் பூரித்தனர். போதிதருமனைப் போர்ப்பயிற்சியோடு இணைக்கும் செய்தி 1624ஆம் ஆண்டினதாகக் கருதப்படும் சீன நூலொன்றிலேதான் தலைகாட்டுகிறது. அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் பிந்தியது அது. இது இவ்வாறிருக்க, கிழக்கிலங்கையின் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களில் விழாக்காலங்களில் ஆடப்படும் கலையின் பெயர் என்ன? சீனடி சிலம்படி. சிங்கள மக்களிடையேயும் 'சீன அடி' எனவே ஒரு கலை வழங்குகிறது. சீனனுக்கு நாம் கொடுத்தோம் என்று கைதட்டியவர்களின் அயலூரிலேயே, சீனனின் பெயரைச் சுமந்து ஓர் ஆட்டம் நிற்கிறது! கடலோர மக்கள் வெட்கமின்றி வாங்கினார்கள், வெட்கமின்றிப் பெயரும் இட்டார்கள். தூய்மைப் பைத்தியம் படித்தவர்களுக்கே உரியது.

தென்னிலங்கையில் அங்கம்பொற என்னும் கலைக்குப் புத்துயிர் அளிப்போர் சிலர் அதனை யக்ஷர் காலத்துக்குக் கொண்டு செல்கின்றனர். சிலம்பத்துக்கு அகத்தியரைத் துணைக்கழைப்போர் நம்மிடையே உளர். இரு சாராரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே பாட்டைப் பாடுகின்றனர். அங்கம்பொறவும் சிலம்பமும் கலிங்கத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் எதையும் பெறாமல் வளர்ந்திருக்கும் என்று, இத்தீவின் படையெடுப்புகளையும் கூலிப்படைகளையும் திருமணங்களையும் கற்ற எவரும் நம்பார். ஆனால் கொடுக்கல் வாங்கலைச் சொன்னால் கொடிக்கு உதவாது. கொடிக்காகக் கலையை எழுப்புவோர் அதன் வரலாற்றைக் கொன்றே எழுப்ப வேண்டியிருக்கிறது.

2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மகிழ்ச்சியே. எனினும் பதக்கமும் மேடையும் வந்தபின், ஊர்தோறும் வேறுபடும் அடிமுறைகள் ஒன்றாக்கப்பட்டு மறையும் ஆபத்தும் உடன் வருகிறது. பார்ட்டிட்சுக்காரரிடம் ஆசான் இல்லை, அச்சுத்தாள் இருந்தது. நம்மிடம் அச்சுத்தாள் குறைவு. ஆசான்மார் சிலராவது இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் அடிப்பெயர்களை, தமிழ் எது அரபு எது சிங்களம் எது என்று சலித்து எடுக்காமல், சொன்னபடியே எழுதிவைப்பது பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் விடுமுறையிற் செய்யக்கூடிய வேலை.

செய்யக்கூடிய வேறொன்றும் உண்டு. இரத்மலானை, கல்கிசைப் பகுதித் தொழிற்சாலைகளில் பின்னேர வேலை முடித்து, விளக்கு மங்கிய ஒழுங்கைகளால் விடுதிக்குத் திரும்பும் பெண்களை இங்கு வாழ்வோர் எல்லோரும் அறிவர். சிங்களப் பெண்களும், மலையகத்திலிருந்து வந்த தமிழ்ப் பெண்களும், முஸ்லிம் பெண்களும் அவர்களுள் இருக்கின்றனர். புத்துயிர் பெற்ற போர்க்கலைகளின் விழாக்களுக்கு அவர்கள் அழைக்கப்படுவதில்லை. அங்கே யானையும் கொடியும் அமைச்சரும் இருப்பர். கிழக்கிலிருந்து ஒரு சீனடி ஆசானையும், நகரத்திலிருந்து ஜூடோ தெரிந்த ஒரு பெண்ணையும் அழைத்து, ஞாயிறு தோறும் இரண்டு மணிநேரத்துக்கு ஒரு பாடசாலை மண்டபத்தைத் திறந்துவிடத் தொழிற்சங்கமும் ஆசிரியரும் முன்வந்தால் போதும். விரிக்கப் பாய்கள் வேண்டும். அவற்றை மட்டும் கடன் கேட்க வேண்டியிருக்கும்.