இரு நாடுகளும் மறந்த நூலகர்

போடிநாயக்கனூரில் எங்கள் மதரஸா மாணவர்கள் பலரின் வீடுகள் ஏலக்காயை நம்பி வாழ்பவை. போடிமெட்டுக்கு மேலே மலைச் சரிவுகளில் பறித்து உலர்த்திய காயை, தாய்மார்கள் இங்கே கிடங்குகளில் பருமனும் நிறமும் பார்த்துத் தரம் பிரிக்கின்றனர். ஆகவே, அலமாரியிலுள்ள கிதாபுகளைப் பொருள்வாரியாகப் பிரித்து எண்ணிட்டு அடுக்க வேண்டும் என்று நாங்கள் சொன்னபோது, பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அதுவும் ஒரு கல்வி என்பதைத்தான் நம்ப மறுத்தார்கள். அதனால் கான் பகதூர் கே. எம். அஸதுல்லாஹ்வைப் பற்றிச் சொல்ல நேர்ந்தது.

நூலகர் என்றதும் தமிழகத்தில் சீ. இரா. அரங்கநாதன் பெயரே நாவில் வரும், அது நியாயமும்கூட. அவர் பிறந்த ஆகஸ்ட் 12 நூலகர் தினமாகவே கொண்டாடப்படுகிறது. ஆனால், கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர் நூலகப் பணிக்கு வந்தது 1924-இல். அஸதுல்லாஹ்வோ 1915-லேயே லாகூரில், பஞ்சாப் பல்கலைக்கழகத்தில், அமெரிக்க நூலகர் ஆசா டான் டிக்கின்சனிடம் இந்தக் கல்வியைப் பயின்றவர்.

1930-இல் அவர் கல்கத்தா இம்பீரியல் நூலகத்தின் பொறுப்பை ஏற்றார். 1933 செப்டம்பரில் அந்நகரில் அகில இந்திய நூலக மாநாடு கூடி, இந்திய நூலகச் சங்கம் பிறந்தது. அதன் செயலாளர் அவரே. தலைவர்கள் மாறினர், கடிதங்களும் கணக்குகளும் கூட்ட ஏற்பாடுகளும் செயலாளரின் மேசையிலேயே இருந்தன. இத்தகைய உழைப்புக்கு யாரும் சிலை வைப்பதில்லை. 1935-இல் தம் நூலகத்திலேயே நூலகர்களுக்கான பயிற்சி வகுப்பையும் தொடங்கினார். அவரது பணிகளுள் இதையே நாங்கள் பெரிதாகக் கருதுகிறோம். தாம் கற்றதைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளாதவரே உஸ்தாத் அல்லவா?

1947-இல் நாடு பிரிந்தது. அவர் பாகிஸ்தான் சென்றார். கல்கத்தாவில் அவருடைய இடத்துக்கு பி. எஸ். கேசவன் வந்தார், 1948-இல் நூலகம் 'தேசிய நூலகம்' என்ற புதுப் பெயர் பெற்றது. மறு ஆண்டே, 1949-இல், அஸதுல்லாஹ் வஃபாத்தானார். இங்கே அவர் எல்லை தாண்டிப் போனவர். அங்கே இரண்டே ஆண்டுகள் இருந்தவர். இரு நாட்டு வரலாறுகளிலும் அவருக்கு அடிக்குறிப்பு அளவே இடம் கிடைத்தது.

இதைச் சொல்லி முடித்ததும், அலமாரிக்குப் பொறுப்பேற்றிருந்த மாணவர் ஒருவர் கேட்டார்: "உஸ்தாத், போகும்போது கிதாபுகளையும் கொண்டுபோனாரா?"

இல்லை என்றோம். அவை இன்றும் கல்கத்தாவில்தான் இருக்கின்றன.