ஹிட்டாச்சி: ஒரு மும்மடியாகுபெயர்

பரமத்தி வேலூரில் வாய்க்கால் தூர்வாரவோ கிணற்றை அகலப்படுத்தவோ 'ஹிட்டாச்சி' பிடிக்கிறார்கள். வந்து நிற்பது எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்று எவரும் கேட்பதில்லை. சங்கிலிப் பட்டையில் நகரும் மண்வாரி என்றாலே அது ஹிட்டாச்சிதான். அதே ஊரின் கடையில் அப்பெயரைத் தாங்கிய குளிரூட்டியை வாங்குபவரோ 'ஹிட்டாச்சி ஏசி' என்று அடைசேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. இரு இயந்திரங்களுக்கும் பெயர் ஒன்றாக இருக்க, மண்வாரி மட்டும் அடையின்றி நிற்பது எதனால்?

விடை காண ஆகுபெயர் இலக்கணம் உதவுகிறது. ஹிட்டாச்சி முதலில் ஜப்பானில் ஓர் ஊரின் பெயர். அங்கிருந்த செப்புச் சுரங்கத்தின் பழுதுபார்க்கும் பட்டறையிலிருந்து 1910இல் நமிஹெய் ஒடைரா தொடங்கிய நிறுவனத்துக்கு ஊர்ப்பெயரே ஆகிவந்தது, இது இடவாகுபெயர். நிறுவனத்தின் பெயர் இயந்திரத்துக்கு ஆனது கருத்தாவாகுபெயர். பிறர் செய்த மண்வாரிக்கும் அப்பெயரே ஆனது மூன்றாம் படி. 'கார் அறுத்தான்' என்பதில் நிறப்பெயர் முகிலுக்கும், பருவத்துக்கும், பயிருக்கும் ஆகிவந்ததை மும்மடியாகுபெயர் என்பர். ஹிட்டாச்சியும் அவ்வழியே வந்த சொல்.

எது முதலில் வந்ததோ அதன் பெயரே நிலைக்கும் எனலாம். அது பொருந்தவில்லை. டாட்டாவின் டெல்கோ நிறுவனம் ஹிட்டாச்சியோடு தொழில்நுட்ப உடன்பாடு செய்தது 1984இல். பிரெஞ்சுப் பெயரான பொக்லைன் அதற்கு முன்பே இங்கு வந்துவிட்டது. ஆயினும் செய்தித்தாள்களில் அது பெரும்பாலும் 'பொக்லைன் இயந்திரம்' என்றே, துணைச்சொல்லோடு வருகிறது.

பெயரை நிலைநிறுத்தியது வேறுபாட்டின் தேவை என்பதே இக்கட்டுரையின் முடிபு. டயரில் ஓடும் ஜேசிபி தானே சாலையில் வந்து சேரும். ஹிட்டாச்சியை லாரியில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். மணிக்கணக்கு வாடகையும் வெவ்வேறு. வாடகைக்கு எடுப்பவருக்கு இவ்விரண்டையும் பிரித்துச் சொல்ல இரு சொற்கள் வேண்டும். அந்தத் தேவை குளிரூட்டிக்கு இல்லை. அங்கே ஹிட்டாச்சி வணிகப்பெயராகவே நின்றுவிட்டது.

யமஹா இதற்கு எதிர்மறைச் சான்று. டொரகுசு யமஹா 1887இல் ஆர்மோனியம் போன்ற காற்றுக்கருவி செய்யத் தொடங்கினார். மோட்டார் நிறுவனம் 1955இல்தான் பிரிந்தது. அதன் சின்னத்தில் இன்றும் மூன்று இசைக்கவைகள் உள்ளன. கச்சேரி மேடையில் யமஹா என்றால் கீபோர்டு, சாலையில் என்றால் பைக். சூழலே பொருளைப் பிரித்துவிடுவதால் யமஹா எதற்கும் பொதுப்பெயர் ஆகவில்லை. வேறு நிறுவனத்தின் பைக்கை எவரும் யமஹா என்பதில்லை.

மூன்றாம் படியில் செய்தவனோடு இருந்த தொடர்பு அறுந்துவிடுவதால் அது ஆகுபெயர் ஆகாது என்று மறுக்கலாம். ஆனால் 'கார் அறுத்தான்' என்பதிலும் அறுத்த பயிருக்கும் கருமைக்கும் நேர்த்தொடர்பு இல்லை. ஆயினும் இலக்கணம் அதை ஏற்றிருக்கிறது. ஹிட்டாச்சிக்காரர், ஹிட்டாச்சியை, ஹிட்டாச்சிக்கு என்று விகுதியும் வேற்றுமையும் ஏற்று வழங்கும் இச்சொல்லுக்குத் தமிழ் அகராதியில் 'சங்கிலிப் பட்டை மண்வாரி' என்ற பொருளோடு தனிப்பதிவு தரவேண்டும்.