முற்றுகை மேடும் ஆண்டவரின் பாதையும்

மண்ணை ஓரிடத்தில் வெட்டி மற்றோரிடத்தில் கொட்டுவது மனிதன் கற்ற மிகப் பழைய பொறியியல். திருநூலில் இருவகை மண்வேலைகளைக் காண்கிறோம். ஒன்று, நகரை வீழ்த்த எழுப்பும் முற்றுகை மேடு. மற்றொன்று, ஆண்டவரின் வருகைக்காகச் சமன் செய்யும் பாதை.

கி.மு. 701-இல் அசீரிய மன்னன் செனகெரிபு யூதா நாட்டின்மீது படையெடுத்தான். எருசலேமுக்குத் தென்மேற்கே, குன்றின்மேல் அமைந்திருந்தது இலாக்கிசு நகர். மதிலை இடிக்கும் பொறிகளை மேலேற்றுவதற்காக அசீரியர் கல்லையும் மண்ணையும் குவித்து, மதில்வரை ஒரு சாய்தளத்தை உயர்த்தினர். நகரத்தாரும் வாளாவிருக்கவில்லை, மதிலின் உட்புறத்தில் எதிர்மேடு ஒன்றை எழுப்பினர். ஆயினும் நகரம் வீழ்ந்தது. 1973-இல் தொடங்கிய அகழாய்வு இவ்விரு மேடுகளையும் அடையாளம் காட்டியது. செனகெரிபு தன் நினிவே அரண்மனையில் இவ்வெற்றியைச் சிற்பமாகச் செதுக்கி வைத்தான். இன்று இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ள அச்சிற்பங்களில், பெண்களும் பிள்ளைகளும் வண்டியேறி நாடுகடத்தப்படும் காட்சியும் உண்டு.

எருசலேமைக் கண்டு ஆண்டவர் இயேசு அழுதபோது, பகைவர் அதனைச் சூழ்ந்து அரண் எழுப்பும் நாளையே முன்னறிவித்தார். கி.பி. 70-இல் அது நிறைவேறியது. டைட்டசின் படையினர் ஏறக்குறைய 7 கிலோமீட்டர் நீளச் சுற்றுச்சுவரை மூன்றே நாள்களில் எழுப்பினர் என்று எழுதுகிறார் யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ். முற்றுகை மேடுகளுக்காக நகரைச் சுற்றியிருந்த மரங்களெல்லாம் வெட்டப்பட்டன என்றும் அவர் வருந்துகிறார்.

எசாயா நூலின் நாற்பதாம் அதிகாரமோ, பாபிலோனில் அடிமைப்பட்டிருந்த மக்களுக்கு வேறொரு மண்வேலையை அறிவிக்கிறது. பள்ளம் நிரம்பும், குன்று தாழும், பாலைநிலத்தில் நெடுஞ்சாலை அமையும். திருவருகைக் காலத்தில் திருமுழுக்கு யோவானின் குரலாக நாம் கேட்பதும் இதுவே. சாலை அமைப்போர் இன்றும் செய்வது இதைத்தான். மேட்டில் வெட்டிய மண்ணே பள்ளத்தை நிரப்புகிறது. அதையும் ஒரே நாளில் கொட்டிவிட முடியாது. மண்ணைச் சிறு சிறு அடுக்குகளாகப் பரப்பி, அளவாக நீர் தெளித்து, ஒவ்வோர் அடுக்கையும் இறுக்க வேண்டும். இல்லையேல் மழையிலும் பாரத்திலும் சாலை அமிழ்ந்துவிடும்.

மண் ஒன்றே, உழைப்பும் ஒன்றே. ஆனால் முற்றுகை மேடு பிறர் வீழ்ச்சிக்காக உயர்கிறது. பாதையோ ஒருவர் நம்மிடம் வந்து சேரத் தாழ்கிறது.

பூர்வீகச் சொத்துக்காகப் பேச்சை நிறுத்திவிட்ட உடன்பிறந்தோர் நம் பங்குகளிலும் உண்டு. ஒருவர் குற்றச்சாட்டுகளைக் குவிக்க, மற்றவர் எதிர்மேடு எழுப்புகிறார். இலாக்கிசின் எதிர்மேடு எவரையும் காக்கவில்லை. ஒப்புரவு நாடுவோர் முதலில் வெட்ட வேண்டியது தம் பக்கத்து மேட்டையே. ஒரு நாள் கைகுலுக்கலோடு அப்பணி முடிவதில்லை. அடுக்கடுக்காக, பொறுமையோடு நிரப்ப வேண்டிய பள்ளம் அது. அந்தப் பாதையில்தான் ஆண்டவரும் வருகிறார்.