முதுகுவலிக்குக் காரணம் பிறவிக் குறையா? பெரியவர்களைப் பாதிக்கும் ‘டெதர்டு கார்டு’... ஆபரேஷன் எப்போது தேவை?

இடுப்பு வலி, காலில் மரமரப்பு என்று போனால் ‘டிஸ்க் பிரச்னையா இருக்கும்’ என்பதுதான் முதல் சந்தேகம். பெரும்பாலானவர்களுக்கு அது சரியாகவும் இருக்கும். ஆனால் சிலருக்கு அந்த வலியின் காரணம், அவர்கள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவானது. 30, 40 வயது வரை ஓடியாடி வேலை பார்த்தவர்களுக்கும் அது பிறகு தலைகாட்டலாம்.

அது என்ன ‘டெதர்டு கார்டு’?

முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம், பெரியவர்களுக்கு இடுப்பின் முதல் அல்லது இரண்டாவது எலும்பு அருகே முடிந்துவிடும். அதன் நுனியிலிருந்து மெல்லிய நார் ஒன்று கீழே போகும். நாம் குனியும்போதும் நிமிரும்போதும் தண்டுவடம் லேசாக மேலும் கீழும் அசையும்.

கருவில் ஏற்படும் குறையால் அந்த நார் தடித்துப் போனாலோ, கொழுப்புக் கட்டி ஒட்டிக்கொண்டாலோ, தண்டுவடமே இரண்டாகப் பிரிந்திருந்தாலோ இந்த அசைவு தடைபடும். முளையில் கட்டிய மாடு கயிற்றை இழுப்பது போல, ஒவ்வொரு முறை குனியும்போதும் தண்டுவடம் இழுபடும். இதைத்தான் ‘டெதர்டு கார்டு சிண்ட்ரோம்’ என்கிறார்கள்.

இத்தனை வருஷம் கழித்து ஏன்?

இழுப்பு குறைவாக இருந்தால் உடல் பல வருடம் தாங்கிக்கொள்ளும். ஆனால் திரும்பத் திரும்ப இழுபடும் நரம்புச் செல்கள் ஆக்சிஜனைச் சரியாகப் பயன்படுத்த முடியாமல் திணறுகின்றன என்பதை நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் ஷோகேய் யமடா 1981-ல் வெளியான ஆய்வில் காட்டினார். அதிக எடை தூக்குவது, கீழே விழுவது, பிரசவம் போன்றவை சிலருக்குத் தொடக்கப் புள்ளியாகிவிடும்.

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடி போன்ற கிராமங்களில் நடவு, களையெடுப்பு என்று குனிந்து செய்யும் வேலை அதிகம். அந்த வேலை இந்தக் குறையை உண்டாக்காது. ஆனால் குறை இருப்பவர்களுக்கு வலியைக் கூட்டும். ‘வேலை அலுப்புதான்’ என்று தைலம் தேய்த்தே வருடங்கள் ஓடிவிடுவதுதான் ஆபத்து.

எந்த அறிகுறிகளைக் கவனிக்கணும்?

* குனிந்து பாத்திரம் கழுவும்போதும், சம்மணம் போட்டு உட்காரும்போதும், குழந்தையை இடுப்பில் தூக்கும்போதும் கூடும் வலி
* காலில் பலவீனம், மரத்துப்போதல், ஒரு பாதம் மட்டும் வளைந்தோ சிறுத்தோ இருத்தல்
* சிறுநீர் அடக்க முடியாமை, முழுதாகப் போகாதது போன்ற உணர்வு, நாள்பட்ட மலச்சிக்கல், தாம்பத்தியச் சிக்கல்
* இடுப்புக்குக் கீழே முதுகின் நடுவில் பிறந்ததிலிருந்தே இருக்கும் முடிக்கொத்து, குழி, மெத்தென்ற கட்டி அல்லது சிவப்புத் தழும்பு

கடைசியாகச் சொன்ன அடையாளத்தைப் பலர் ‘மச்சம்’ என்று விட்டுவிடுவார்கள். அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். சிறுநீர்ப் பிரச்னையையும் கூச்சப்பட்டு மறைக்கக் கூடாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், சிறுநீர்ப்பை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் பரிசோதனையும் நிலைமையைக் காட்டும்.

திடீரென சிறுநீர் நின்றுபோனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காரணம் எதுவானாலும் அது அவசர நிலை.

ஆபரேஷனில் என்ன செய்வார்கள்?

மயக்க மருந்து கொடுத்து, முதுகெலும்பின் பின்பக்கத்தில் சிறு பகுதியைத் திறந்து, மைக்ரோஸ்கோப் உதவியுடன் தண்டுவட உறைக்குள் செல்வார்கள். வெட்டப்போவது வெறும் நாரா, கால் அல்லது சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்பா என்பதை மெல்லிய மின்தூண்டல் மூலம் உறுதிசெய்த பிறகே கட்டை விடுவிப்பார்கள். பிறகு உறையை நீர் கசியாதபடி தைத்து மூடுவார்கள்.

தடித்த நார் மட்டும் என்றால் ஆபரேஷன் எளிது. கொழுப்புக் கட்டி நரம்புகளோடு பின்னிக்கிடந்தால் சிக்கல் அதிகம். தண்டுவட நீர் கசிவு, தொற்று, நரம்புப் பாதிப்பு, மீண்டும் ஒட்டிக்கொள்வது ஆகியவை இதில் உள்ள அபாயங்கள்.

முழுசா சரியாகிடுமா?

வலிதான் பெரும்பாலும் நன்றாகக் குறையும். கால் பலவீனம் சிலருக்கு மேம்படும், சிலருக்கு அதே நிலையில் நிற்கும். நீண்ட நாளாக இழந்த சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்புவதுதான் கடினம். அதனால்தான் அறிகுறி கூடிக்கொண்டே போனால் தள்ளிப்போட வேண்டாம் என்கிறார்கள் மருத்துவர்கள்.

ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்து, எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு உடனே ஆபரேஷன் தேவையா என்பதில் மருத்துவர்களிடையே ஒரே கருத்து இல்லை. பலருக்குத் தொடர் கண்காணிப்பே போதும்.

எங்கே போகலாம்?

மதுரை சுற்றுவட்டார மக்கள் அரசு ராஜாஜி மருத்துவமனையின் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை அணுகலாம். ஆண்டு வருமானம் ரூ.1.20 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை பெற வழி இருக்கிறது. குறிப்பிட்ட ஆபரேஷன் அதில் வருமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று கையில் இருக்கட்டும். பழைய ஸ்கேன் படங்கள் இருந்தால் அவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். பிரச்னை எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்று டாக்டர் முடிவுசெய்ய அவை உதவும்.