கணியம் (மின்னிதழ்)

கணியம், கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதும் மின்னிதழ். 2012 சனவரியில் த. சீனிவாசனும் நண்பர்களும் இதைத் தொடங்கினர். அதற்கு முன்பே 2003 முதல் டெல்லியிலிருந்து 'லினக்ஸ் ஃபார் யூ' வந்துகொண்டிருந்தது. அது விளம்பரமும் சந்தாவும் தாங்கிய ஆங்கில அச்சிதழ். பக்கத்து ஆந்திரத்திலோ 'ஸ்வேச்சா' அமைப்பினர் லினக்ஸ் இயங்குதளத்தையே தெலுங்கில் ஆக்கித் தந்தனர். தமிழில் இத்தகைய இதழை நடத்த முதலாளி எவரும் முன்வரவில்லை. வந்தவர்கள், சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் மாதக் கூட்டங்களில் பழகிய மென்பொருள் ஊழியர்கள். அலுவலக நேரம் போக மிஞ்சிய பொழுதில், சன்மானம் இல்லாமல் எழுதினார்கள். உபுண்டு தமிழ்க் குழுவில் இயங்கிய ம. ஸ்ரீ ராமதாஸ் (ஆமாச்சு) தொடக்க காலத்தில் துணைநின்றவர்களுள் ஒருவர்.

இதழின் பெரிய கொடை அதன் தொடர்கள்தாம். நித்யா துரைசாமி எழுதிய மைஎஸ்கியூஎல், குனு/லினக்ஸ் பாடங்கள் முதலில் இங்கே மாதந்தோறும் வந்தன. பின்பு 'எளிய தமிழில்' என்ற வரிசையில் மின்னூல்களாயின. எச்டிஎம்எல், பிஎச்பி என்று விரிந்த அவ்வரிசை பிக் டேட்டா, மெஷின் லேர்னிங் வரை நீண்டது. பொறியியலை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து தேறிய மாணவர்களுக்கு, கட்டளையை அடித்து விடையைப் பார்த்துக் கற்கும் இந்நூல்கள் பாடப்புத்தகம் செய்யாததைச் செய்தன. கலைச்சொற்களில் இவர்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. புரிந்தால் போதும் என்றே எழுதினர். தூய தமிழ் அன்பர்களுக்கு இது உறுத்தலாம், ஆனால் நூல்கள் படிக்கப்பட்டதற்கு அதுவும் காரணம்.

2013இல் இக்குழுவினர் தொடங்கிய 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' தளம், எழுத்தாளர்கள் விரும்பித் தரும் படைப்புகளைக் கைப்பேசியிலும் கிண்டிலிலும் படிக்கும் வடிவில் வெளியிடுகிறது. படமாக வருடிய நூல்களை எழுத்தாக மாற்ற விக்கிமூலம் என்ற இணைய நூலகத்துக்கென சீனிவாசன் எழுதிய பைத்தான் நிரல், நாட்டுடைமை நூல்கள் பலவற்றைத் தேடக்கூடியவையாக்க உதவியது. பின்னாளில் இப்பணிகள் 'கணியம் அறக்கட்டளை' என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தன.

மாத இதழ் வடிவம் சில ஆண்டுகளில் நின்று, கட்டுரைகள் அவ்வப்போது வரலாயின. எழுதும் கைகள் என்றும் குறைவு. ஓரிருவர் வேலை மாறினாலே வேகம் தளர்ந்துவிடும். இதழின் ஆக்கங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால், ஆசிரியர் பெயரைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் எவரும் அவற்றை அச்சிடலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம்.