கோதாவும் துறைமுகமும்: வடசென்னை உழைப்பாளரின் உடற்பயிற்சி மரபு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

உடற்பயிற்சி என்றவுடன் எடைக்குறைப்பை நினைப்பது இன்றைய வழக்கம். அலுவலக நாற்காலியில் அமர்ந்து பணிபுரியும் நடுத்தர வர்க்கத்தின் கவலையிலிருந்து பிறந்த வழக்கம் அது. இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் துறைமுக, ஆலைப் பகுதியின் வரலாற்றை இப்பார்வை கொண்டு விளக்க இயலாது. மூட்டை சுமந்தவர்களும் வலை இழுத்தவர்களும் வாழ்ந்த நிலம் அது. எடையைக் குறைக்க வேண்டிய தேவை அவர்களில் பெரும்பாலோருக்கு இருந்ததில்லை. எனினும் அவர்களுள் ஒரு சாரார் வேலைநேரம் போகக் கிடைத்த பொழுதில் கோதாவுக்குச் சென்றனர். ஏற்கெனவே களைத்த உடலை மீண்டும் ஏன் வருத்திக்கொண்டனர் என்ற வினாவையும், உழைப்பும் பயிற்சியும் ஒன்றா என்ற அதன் கிளைவினாவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பரம்பரை என்னும் அமைப்பு

சென்னையில் உடற்கல்வி நிறுவன வடிவம் பெற்றது 1920இல் எனலாம். அவ்வாண்டில் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கியது அக்கல்லூரி. வடசென்னையின் பயிற்சி மரபோ பள்ளி வழியாக வந்ததன்று. தெருவிலிருந்தும் குப்பத்திலிருந்தும் எழுந்தது. சிலம்பம், குஸ்தி, கர்லாக்கட்டை ஆகியவற்றுக்குப் பழகிய இடத்தில் காலனிய ஆட்சிக்காலத்தில் கையுறை அணிந்த ஆங்கிலக் குத்துச்சண்டை வேரூன்றியது.

சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை ஆகிய பெயர்கள் 2021இல் வெளிவந்த பா. இரஞ்சித்தின் திரைப்படத்தால் பரவலாக அறியப்பட்டன. படத்தின் கதை புனைவு, பரம்பரைகள் உண்மையானவை. ‘பரம்பரை’ என்னும் சொல் இங்கு இரத்த உறவைச் சுட்டவில்லை. ஒரு வாத்தியாரிடம் தொழில் கற்றோரின் வரிசையையே சுட்டுகிறது. சார்பட்டாவின் கித்தேரி முத்து ஆங்கிலோ இந்திய வீரர் நாட் டெரியை வென்ற செய்தி இன்றளவும் வாய்மொழியாகச் சொல்லப்படுவதற்கு விளையாட்டு மட்டுமே காரணமன்று. பகலில் மேஸ்திரியின் குரலுக்கு இயங்கிய உடல், கோதாவில் தன் விருப்பத்துக்கு இயங்கியது. 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் மோதியபோது அவரைக் கொண்டாட இந்நகரில் ஆயத்தமான ஒரு பார்வையாளர் கூட்டம் இருந்தமைக்கு இம்மரபும் காரணம்.

குத்துச்சண்டையிலும் எடைக்கருவிக்கு இடமுண்டு. ஆயின் அக்கருவி எதிராளி யார் என்பதைத் தீர்மானிக்கிறதேயன்றி, பயிற்சி பலித்ததா என்பதைத் தீர்மானிப்பதில்லை. கயிறு தாண்டல், ஓட்டம், தண்டால் ஆகியவற்றின் பலன் மூச்சின் நீளத்திலும் காலின் உறுதியிலும் சினத்தை அடக்கும் ஆற்றலிலும் அளக்கப்பட்டது. 1999இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனச்சோர்வுற்ற 156 பேரை 16 வாரங்கள் கண்காணித்து, முறையான உடற்பயிற்சி மருந்துக்கு ஏறத்தாழ இணையான பலன் தந்ததைப் பதிவு செய்தனர். வாத்தியார்கள் அறிந்திருந்ததை ஆய்வுக்கூடம் மெய்ப்பித்தது என்று கூறுவது மிகையாகும். இரண்டும் வெவ்வேறு வினாக்களுக்கான விடைகள். இருப்பினும் பயிற்சியின் பயனை இடுப்பளவுக்கு அப்பால் தேடியதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

இங்கு இரு குறைகளைச் சுட்டியாக வேண்டும். இம்மரபு ஆண்களுக்கானது, மீன்கூடை சுமந்த பெண்களுக்குச் சுமை இருந்தது, கோதா இருக்கவில்லை. அடுத்தது, தலையில் விழும் தொடர் குத்துகள் மூளையைச் சிதைப்பதை ஹாரிசன் மார்ட்லேண்ட் 1928இலேயே எழுதினார். பயிற்சியின் நன்மையைச் சண்டையின் நன்மையாகக் கொள்ளுதல் தவறு.

உழைப்பு உடற்பயிற்சியாகுமா?

உடலியக்கம் குறித்த நவீன ஆய்வு உழைப்பாளரிடமிருந்தே தொடங்கியது. லண்டன் போக்குவரத்துத் தொழிலாளர் ஏறத்தாழ 31,000 பேரை ஆராய்ந்த ஜெரி மாரிஸ், 1953இல் ஒரு முடிவை வெளியிட்டார்: நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு. ஓட்டுநர்கள் முன்பே பருமனானவர்களாக இருந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. மாரிஸ் குழுவினர் சீருடைக் காற்சட்டைகளின் இடுப்பளவுப் பதிவேடுகளைத் தேடியெடுத்து 1956இல் விடையளித்தனர். ஓட்டுநர்கள் பருமனானவர்களே, ஆயினும் ஒல்லியரோ பருமனரோ, நடத்துநர்களுக்கான பாதுகாப்பு நீடித்தது. எடையும் உடற்பயிற்சியும் தனித்தனிக் கணக்குகள் என்பதற்கு இதைவிட எளிய சான்று அரிது.

துறைமுகத்துக்கு நேரடியாகப் பொருந்துவது ரால்ஃப் பாஃபன்பார்கரின் ஆய்வு. சான்பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர் 6,351 பேரை 22 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1975இல் அதனை வெளியிட்டார். 10,000 பணியாண்டுகளுக்கு இதயநோய் இறப்பு, கடும் சுமைவேலை செய்தோரிடம் 26.9, இலகுவான வேலை செய்தோரிடம் 49.0. இவ்வெண்களை மட்டும் கொண்டு சென்னைத் துறைமுகக் கூலியின் உடல் நலமாக இருந்தது என்று எழுதிவிடலாம். அது ஆபத்தான முடிவு. 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, கடும் உடலுழைப்புத் தொழில் செய்யும் ஆண்களுக்கு முன்கூட்டிய இறப்பு அபாயம் 18 விழுக்காடு மிகுதி எனக் கண்டது. டென்மார்க் ஆய்வாளர் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் இதனை உடலியக்க முரண் என அழைக்கிறார். அவர் தரும் விளக்கம் தெளிவானது: உடற்பயிற்சி குறுகிய நேரம் இதயத்தை விரைவுபடுத்தி, பின் ஓய்வு தருகிறது; சுமைவேலையோ பல மணிநேரம் இரத்த அழுத்தத்தை உயர்த்தியே வைத்திருக்கிறது, ஓய்வெடுக்கும் உரிமையும் தொழிலாளியிடம் இல்லை.

இவ்விளக்கம் தொழிற்சங்க வரலாற்றையும் தொடுகிறது. 1918இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது எழுந்த முதன்மையான குறைகளுள் ஒன்று உணவு இடைவேளையின் குறுகிய நேரம். ஓய்வுக்கான போராட்டம் ஊதியப் போராட்டத்தின் துணைக்கதையாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. உண்மையில் உழைப்பிலிருந்து பயிற்சியைப் பிரிக்கும் கோடும் அந்த ஓய்வுதான்.

கன்டெய்னருக்குப் பின்

1983இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. தலைச்சுமை மெல்லக் குறைந்து, பாரந்தூக்கிகளும் டிரெய்லர் லாரிகளும் அவ்விடத்தைப் பிடித்தன. சுமை நீங்கியது நன்மையே. அதனுடன் உடலியக்கமும் நீங்கியது. அதனை ஈடுசெய்யத் திறந்த வெளியில் ஓடுவோரும் இப்பகுதியில் சாம்பலும் புகையும் கலந்த காற்றையே ஆழமாக உள்ளிழுக்க நேர்ந்தது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. வேறு நிலையங்கள் தொடர்கின்றன.

துறைமுக வாயிலை நோக்கி எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர்களின் ஓட்டுநர்கள், முறை வரும்வரை பல மணிநேரம் இருக்கையைவிட்டு அகல முடியாமல் காத்திருக்கின்றனர். மாரிஸ் 1953இல் லண்டனில் கண்ட ஓட்டுநர் இப்போது அமர்ந்திருப்பது இங்குதான்.