கூரையும் காணியும்

வழிப்போக்கனுக்கு ஓரிரவு தங்க இடங்கொடுத்தலை அறமெனக் கொண்டது நம் சமுதாயம். வடபுலத்துத் தெருக்களிலே சுமைதாங்கியும் கேணியும் மடமும் அமைத்தோரை நம் முன்னோர் போற்றினர். பருத்தித்துறையிலே தெருவையே கூரையால் மூடி நிற்கும் தெருமூடிமடம் அவ்வறத்தின் சின்னமாக இன்றும் காட்சி தருகிறது. ஆயினும், மடம் வந்துபோகின்றவனுக்கு உரியது. திரும்பிச் செல்ல வீடே இல்லாதவன் வந்து நின்றால் நம் சமுதாயம் யாது செய்தது? இவ்வினாவுக்கு விடைகாண வவுனியாவின் அண்மைக்கால வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

1970களின் பிற்பகுதியில் வவுனியாவுக்கு வந்துசேர்ந்தோர் மலையகத் தோட்டத் தொழிலாளர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலிற் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் வாழ்ந்த லயன் அறை தோட்டத்துக்கு உரியது. வேலை உள்ளவரைதான் கூரை. வேலை போனால் கூரையும் போயிற்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னொரு நாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. பங்கிடப்பட்ட மக்களின் விருப்பத்தை அறிந்து செய்த ஏற்பாடன்று அது.

1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டிலே தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டுத் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. அந்நியக் கம்பனிகளின் ஆதிக்கம் ஒழிந்ததென நாம் மகிழ்ந்தோம். ஆனால், சில தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் வெளியேற்றப்பட்டனர். தேயிலை வளர்த்தவனுக்கு அம்மண்ணிற் பங்கு கிடைக்கவில்லை. இடதுசாரிக் கட்சிகள் அங்கம் வகித்த ஆட்சிக் காலத்திலேயே இச்சட்டம் வந்தது என்பதை நாம் மறைத்தல் ஆகாது. 1977 ஆகஸ்ட் கலவரம் எஞ்சியிருந்த நம்பிக்கையையும் தகர்த்தது. லயன்களை விட்டோடிய குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தன.

இவர்களுக்கு உதவ முன்வந்த அமைப்புகளுள் காந்தியம் முதன்மையானது. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட், டொக்டர் இராஜசுந்தரம் ஆகிய இருவரும் அதன் தூண்கள். வவுனியாவைத் தளமாகக் கொண்ட இவ்வியக்கம் முகாமிற் சோறு போடுவதோடு நிற்கவில்லை. காடு வெட்டவும், கிணறு தோண்டவும், மண்சுவர் எழுப்பிக் கிடுகு வேயவும் அகதிகளோடு இளைஞர் தோள்கொடுத்தனர். குடியேற்றங்களிற் பாலர் பாடசாலைகள் எழுந்தன. அவற்றை நடத்தக் கிராமத்துப் பெண்கள் பயிற்றப்பட்டனர். வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களின் உதவியும் கிடைத்தது. முன்னர் துரையின் நிலத்திற் கூலியாக நின்றவன், தன் குடிசையின் முன்னே தனக்கென ஒரு பாத்தி கட்டினான். தானமாகப் பெற்ற ஓரிரவுத் தங்கலுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை நாம் உணர்தல் வேண்டும்.

அரசு இதனை வேறு கண்கொண்டு நோக்கியது. 1983 ஏப்ரலில் டேவிட்டும் இராஜசுந்தரமும் கைதாயினர். அவ்வாண்டு ஜூலை 27ஆந் திகதி வெலிக்கடைச் சிறையில் நிகழ்ந்த இரண்டாவது படுகொலையிலே இராஜசுந்தரம் உயிரிழந்தார். தப்பிய டேவிட் செப்டெம்பரில் மட்டக்களப்புச் சிறை உடைப்பின்போது வெளியேறினார். குடிசை போட்டுக்கொடுத்தவர்களுக்குக் கிடைத்த பரிசு இது.

காணி எத்துணைக் கூரிய அரசியல் ஆயுதம் என்பதை அடுத்த ஆண்டு காட்டிற்று. முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்பகுதியிலுள்ள கென்ற் பண்ணை, டொலர் பண்ணை ஆகிய இடங்களிற் குடியமர்ந்திருந்த மலையகத் தமிழர் 1984இல் அகற்றப்பட்டனர். அவ்விடத்தில் சிங்களக் கைதிகளும் அவர்தம் குடும்பங்களும் இருத்தப்பட்டனர். 1984 நவம்பர் 30ஆந் திகதி விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலிற் பெண்களும் பிள்ளைகளும் உட்படப் பலர் மாண்டனர். ஓர் ஏழையைத் துரத்திவிட்டு இன்னோர் ஏழையை அங்கே வைத்தது அரசு. அவ்வேழையைக் கொன்றது துப்பாக்கி. எம்மொழி பேசினும் நிலமற்றவனின் உயிரே மலிவாயிற்று.

பழியனைத்தையும் அரசின்மேற் சுமத்திவிட்டு நாம் கைகழுவ இயலாது. வந்தோரை அணைத்த அதே வன்னியில், அவர்களை மலிவுக் கூலிகளாகக் கண்ட காணிக்காரரும் இருந்தனர். காட்டோரத்து எல்லைக் கிராமங்களிலே அவர்களைக் குடியிருத்தி, தம்மைக் காக்கும் வேலியாகக் கருதியோரும் இருந்தனர். ‘தோட்டக்காட்டான்’ என்ற இழிசொல் அவர்களைப் பின்தொடர்ந்து வந்தது. அன்று மடத்தின் உள்ளே யார் அமரலாம், யார் வெளியே நிற்க வேண்டுமெனச் சாதி பார்த்து வகுத்த மனமே இங்கும் வேறு பெயரிலே தொழிற்பட்டது.

1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்றோர் பிரச்சினையைப் பெரும்பாலும் தீர்த்தன. எனினும், பிரசாவுரிமை பெற்றவன் காணியுறுதி பெற்றவனாகிவிடவில்லை. வன்னியிற் குடியேறிய மலையகத்தாரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பலர் தாம் திருத்திய நிலத்துக்கு உறுதியின்றியே வாழ்கின்றனர். உறுதி இல்லாத இடத்திற் கட்டிய கல்வீடும் ஒருவகையில் லயன் அறையே. எவரேனும் எழுந்து போவெனச் சொல்லக்கூடிய கூரை அது.

காந்தியத்தின் தொண்டர்கள் தம்மால் இயன்றதைச் செய்தனர். கூரையை மக்கள் கூடி அமைக்கலாம். காணியுரிமையை மக்கள் கூடிப் போராடியே பெறுதல் வேண்டும். முதலாவதை நமக்கு முன்னோர் செய்து காட்டினர். இரண்டாவது, ஆசிரியராகிய நம்மையும் மாணவராகிய உங்களையும் சார்ந்தது. மலையகத்தின் வரலாற்றை வகுப்பறையிலே எடுத்துரைப்பதோடு, காணியுறுதி கேட்டுக் கச்சேரி வாயிலில் நிற்போரின் மனுவிலே நம் கையொப்பத்தையும் இடுவோமாக.